டீச்சர் வீட்டு டப்பாக்கள்

— நில்லுங்க அண்ணே. கையில என்ன அது?

— கத்தரிக்கோல் டீச்சர். வாங்க வாங்க! என்ன இந்த நேரத்துல? ஸ்கூல் இல்லையா?

— மழைன்னு லீவு விட்டுட்டாங்க. டப்பாவை எடுத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன். கத்தரிக்கோல் எதுக்குன்னு கேக்கறேன்.

— பருப்பு பாக்கெட்டை வெட்டத்தான். வெட்டி உங்க டப்பாவுல கொட்டிட்டா வேலை முடிஞ்சுது. சர்க்கரை, உப்பு எல்லாம் கொட்டி வச்சாச்சு. ரெண்டே நிமிஷம், உக்காருங்க.

— பாக்கெட்டை வெட்டி என் டப்பாவுல கொட்டறீங்களா?

— ஆமா. ஏன், சிந்துதா?

— மூட்டையில இருந்து அள்ளிப் போடறீங்கன்னு இல்ல நான் நினைச்சுட்டு இருக்கேன்!

— மூட்டையா! நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க டீச்சர்? எல்லாமே கம்பெனியில இருந்து பாக்கெட்டாத்தான் வருது. நம்ம கடையில மூட்டைன்னு இருந்தா அது நான் உக்கார்ற இந்த மூட்டைதான். உள்ள பழைய துணி.

— சிரிக்காதீங்க. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு... காலையில டப்பாப் பையைக் குடுத்துட்டுப் போறேன், சாயங்காலம் வாங்கிட்டுப் போறேன். ஒரு நாளாவது இதைச் சொன்னீங்களா?

— நீங்க கேக்கலையே. "என் வீட்டுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கவர் வரக் கூடாது அண்ணே"ன்னு சொன்னீங்க. சத்தியமா ஒண்ணு கூட வர விட்டதில்ல டீச்சர். கையைக் கிழிச்சுக்கிட்டு வெட்டறேன், பாருங்க இந்த விரலை.

— விரல் கிடக்கட்டும்! உலகத்துல குப்பை சேரக் கூடாதுன்னுதான் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொன்னேன். என் கண்ணுல படாம இருந்தாப் போதும்னா சொன்னேன்? வகுப்புல பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறேன் அண்ணே, "எங்க வீட்டுக் குப்பைக் கூடையில ஒரு கவர் பாக்க முடியாது"ன்னு.

— அது உண்மைதானே டீச்சர்?

— வாயை மூடுங்க. வெட்டின கவரெல்லாம் எங்க?

— கோவிக்காதீங்க. பின்னாடி ஜன்னல் இருக்கு இல்ல...

— இருக்கு.

— அதுல போட்டுடுவேன்.

— ஜன்னலுக்குப் பின்னாடி சாக்கடைதானே ஓடுது?

— சாக்கடைதான்.

— அந்தச் சாக்கடை என் வீட்டுக் கொல்லைக்குத்தானே வருது?

— தண்ணி கீழ் நோக்கித்தானே டீச்சர் போகும்.

— போன வாரம் மழையில சாக்கடை அடைச்சு, முழங்கால் அளவு நாத்தத் தண்ணி என் சமையல்கட்டுல நின்னுது. பாய், தலகாணி, பிள்ளைங்க பரீட்சைப் பேப்பர் எல்லாம் மிதந்துது. மாடி வீட்டுத் தையல்காரிதான் கவரைத் தூக்கிப் போடறான்னு நான் வீட்டு ஓனர்கிட்ட சொல்லி, இன்னைக்கு அவ வீட்டைக் காலி பண்றா. தெரியுமா உங்களுக்கு?

— தெரியும். தெரு முனையில வண்டி நிக்குது. ஆனா ஒண்ணு கேக்கறேன். அடைப்பை எடுத்தவங்க கொத்துக் கொத்தா வெளிய போட்டாங்களே, என்ன கவருன்னு பாத்தீங்களா?

— அந்த நாத்தத்துல யாரு கிட்டப் போயிப் பாப்பாங்க? அவகிட்ட துணி கொடுக்க வர்றவங்க எல்லாம் கவர்லதான் கொண்டு வர்றாங்க. வேற யாரு போட்டிருப்பாங்க? சரி, நீங்க நாலு கவர் போட்டீங்க, ஒத்துக்கறேன். மீதி அவளோடதுதானே?

— அந்தம்மா பாக்கெட்டைப் பாக்கெட்டாவே வாங்கிட்டுப் போவாங்க டீச்சர். தெருவுல எல்லாரும் அப்படித்தான். அவங்க வீட்டுல பிரிச்சு, குப்பை வண்டியில போட்டுடறாங்க. கடையில வச்சுப் பிரிக்கச் சொல்றது நீங்க ஒருத்தர்தான். ஜன்னல் வழியாப் போறது பூரா உங்க வீட்டுக் கவர். அடைப்புல வந்ததும் அதே பருப்பு, உப்புக் கவர்தான்.

— இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன? தெருவுல நின்னு நான் அத்தனை பேச்சு பேசினேனே, நீங்க இங்க உக்காந்து கேட்டுட்டுத்தானே இருந்தீங்க!

— எனக்கும் உறுத்துச்சு. ஆனா நீங்க இருந்த கோவத்துல நான் வாயைத் திறந்திருந்தா என்ன ஆயிருக்கும்? கடைக்கே வராம விட்டுட்டா?

— நல்லா இருக்கே உங்க நியாயம்! உங்க வியாபாரத்துக்கு ஒரு குடும்பம் தெருவுல நிக்கணுமா?

— அண்ணே, கயிறு இருந்தா குடுங்க. தையல் மெஷின் வண்டியில ஆடுது, கட்டணும்.

— வாம்மா. டீச்சரும் நானும் இப்ப உன்னைப் பத்தித்தான்...

— கேட்டுச்சு அண்ணே. வாசல்ல நின்னு ஜன்னல் கதை பூராவும் கேட்டேன். கயிறு குடுங்க.

— கயிறு வேண்டாம்மா. மெஷினை இறக்குங்க. நான் தப்பா நினைச்சுட்டேன். வீட்டு ஓனர்கிட்ட நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன். நமக்குள்ளயே முடிச்சுக்கலாம். தெருவுக்குத் தெரிய வேண்டாம், என்ன? பிள்ளைங்க முகத்துல நான் முழிக்கணும் இல்ல.

— என் பொண்ணும் உங்க வகுப்புலதான் படிக்கறா டீச்சர். "சாக்கடைக்காரி மக"ன்னு கூப்பிடறாங்களாம், ஒரு வாரமா ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறா.

— அய்யோ... எனக்குத் தெரியாதும்மா. உடம்பு சரியில்லைன்னு நினைச்சேன்.

— ஓனர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாளைக்கு வகுப்புல பிள்ளைங்க முன்னாடி நின்னு, அந்தக் கவர் யாரு வீட்டுதுன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் மெஷின் வண்டியிலதான் இருக்கும்.