கதவுக்குக் கீழே தார்

மருமகள்: ஐயையோ மாமா, கையை எடுங்க! கம்பி நார வெச்சா தேய்க்கப் போறீங்க?

மாமனார்: பாத்திரம் அடிப்பிடிச்சா இதாலதானே நீ தேய்க்கிற...

மருமகள்: பாத்திரத்துக்குப் பெயின்ட் அடிச்சிருக்கா? ஒரு இழுப்பு இழுத்தா கார் கதவெல்லாம் கீறல். கொடுங்க இப்படி.

மாமனார்: சத்தம் போடாதம்மா. நாலு மணிக்கு உன் புருஷன் வெளியூர்லேர்ந்து வந்துடுவான். கதவுக்குக் கீழ இந்தத் தார்ப் புள்ளியெல்லாம் பார்த்தான்னா...

மருமகள்: பார்த்தா?

மாமனார்: தெரியாத மாதிரி கேக்குற பாரு. என் கண்ணுக்கு ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து வண்டி ஷெட்டுல தூங்குது. 'இனிமே ஒரு தடவை வெளியில போச்சுன்னு தெரிஞ்சாலும் வித்துடுவேன்'னு சொல்லிட்டுத்தானே போனான்?

மருமகள்: அப்போ... நேத்து வண்டிய எடுத்தது...

மாமனார்: நான்தான்.

மருமகள்: நீங்களா!

மாமனார்: ஏன், நான் ஓட்டினா ஓடாதா? இருபது வருஷமா ஓட்டின வண்டி.

மருமகள்: இல்ல... சரி. இருங்க, வாளி எடுத்துட்டு வரேன்.

மாமனார்: பெட்ரோல் ஊத்தித் துடைச்சா ஒரு நொடியில...

மருமகள்: தாரும் போகும், பளபளப்பும் போகும். முதல்ல வெறும் தண்ணி. மேல இருக்கிற மண்ணு போகணும், இல்லேன்னா துணியோட சேர்ந்து அதுவே கீறிடும். அப்புறம் இந்த பாட்டில். தார் எடுக்கன்னே விக்கிறது.

மாமனார்: அட, இதை எப்போ வாங்கின?

மருமகள்: நேத்து... சாயங்காலம்.

மாமனார்: நேத்தேவா?

மருமகள்: பேச்ச விடுங்க மாமா. நல்லவேளை, நிழல்ல நிக்குது. வெயில்ல சூடான தகட்டுல இதைப் போடக் கூடாது. துணிய இதுல நனைச்சுப் புள்ளி மேல ஒட்டி வைங்க. தேய்க்க வேண்டாம். ரெண்டு நிமிஷம் ஊறட்டும்.

மாமனார்: வெச்சாச்சு.

மருமகள்: அது தார் இல்ல மாமா. சாவி போடுற ஓட்டை.

மாமனார்: ...தெரியும். சும்மா வெச்சுப் பார்த்தேன்.

மருமகள்: இந்தக் கண்ண வெச்சுக்கிட்டா நேத்து ஓட்டினீங்க?

மாமனார்: பழகின ரோடுதானே. கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்தேன்.

மருமகள்: கடைத்தெருவுல ஏது தார்? லைசென்ஸ் ஆபீஸ் பக்கம்தானே புதுசா ரோடு போடுறாங்க...

மாமனார்: அப்படியா? உனக்கு எப்படித் தெரியும்?

மருமகள்: ப... பஸ்ஸுல போனப்ப பார்த்தேன்.

மாமனார்: அந்தப் பக்கம் பஸ் வேற விட்டுட்டாங்களா?

மருமகள்: ஊறிடுச்சு, ஊறிடுச்சு! இப்போ மெதுவா ஒத்தி எடுங்க. அழுத்தாதீங்க... பாருங்க, எப்படிக் கரைஞ்சு வருது.

மாமனார்: அட ஆமா! நான் அரை மணி நேரமா நகத்தால சொரண்டிக்கிட்டிருந்தேன்.

மருமகள்: அழுக்கான பக்கத்தை மடிச்சு உள்ள விடுங்க. அடுத்ததுக்குச் சுத்தமான பக்கம். கடைசியில ஷாம்பூ போட்டுக் கழுவி, மெழுகு பூசினா முடிஞ்சுது.

மாமனார்: நல்லாவே கத்து வெச்சிருக்க.

மருமகள்: ...இன்னும் எத்தனை இருக்கு?

மாமனார்: நீயே பாரு. என் கண்ண நம்பாத.

மருமகள்: சக்கரத்துக்குப் பின்னாடி ஒண்ணே ஒண்ணு. மாமா... அவர் எப்படியோ கண்டுபிடிச்சுக் கேட்டார்னா?

மாமனார்: நான்தான்னு சொல்லிடுறேன். அவன்கிட்ட திட்டு வாங்குறது எனக்குப் புதுசா?

மருமகள்: வித்துடுவாரே! அத்தையோட நீங்க ஊரெல்லாம் சுத்தின வண்டி... தினமும் காலையில வந்து தொட்டுப் பார்த்துட்டுத்தானே போறீங்க?

மாமனார்: வித்தா விக்கட்டும்மா. வீட்டுக்குள்ள சண்டை வர வேண்டாம்.

மருமகள்: போதும் மாமா. இதுக்கு மேல என்னால முடியாது. நேத்து நீங்க வண்டிய எடுக்கல.

மாமனார்: ஓ?

மருமகள்: சாவி நாள் முழுக்க என் கைப்பையில இருந்துச்சு. மூணு மாசமா ஓட்டக் கத்துக்கிட்டேன். நேத்து டெஸ்ட். நீங்க படுத்திருந்த நேரத்துல, கத்துக் கொடுக்கிற டிரைவிங் ஸ்கூல் அம்மாவைப் பக்கத்துல உட்கார வெச்சு எடுத்துட்டுப் போனேன். வீட்டுல ஓட்ட ஒரு ஆள் இருந்தா அவர் விக்க மாட்டார்ல... லைசென்ஸ் கைக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்.

மாமனார்: பாஸா?

மருமகள்: பாஸ்... கோவமா மாமா?

மாமனார்: காலையில வண்டியில ஏறி உட்கார்ந்தேன். முட்டி போய் ஸ்டியரிங்ல இடிச்சுது. சீட்டை அவ்வளவு முன்னாடி இழுத்துக்கிற குட்டைக் கால் இந்த வீட்டுல யாருதுன்னு எனக்குத் தெரியாதா? பழி உன் மேல விழ வேண்டாமேன்னுதான் நான்னு சொன்னேன். நீ பாஸ் ஆனதுதான் தெரியாது... துணிய வெச்சிடும்மா. அந்தக் கடைசிப் புள்ளி அப்படியே இருக்கட்டும். அவன் வந்து பார்த்துக் கேக்கட்டும்... நம்ம வீட்டு டிரைவர் டெஸ்ட்டுக்குப் போயிட்டு வந்த அடையாளம்னு நானே சொல்லிக்கிறேன்.