பெஹாலாத் தோட்டத்தில் கண் மூடியவர்

— ரெண்டு நாளா ஆபீஸும் போகலை, சரியா சாப்பிடவும் இல்லை. உங்களோட போலீஸ் ஆபீஸ்ல வேலை பார்க்கற சீதாராமன் மாமா வேற வந்து விசாரிச்சார். இப்படிச் சுவரைப் பார்த்துண்டு உக்காந்திருந்தா நான் என்னன்னு நினைச்சுக்கறது?

— சுவரைப் பார்க்கலை, ஜலஜா. மூச்சைப் பார்த்துண்டிருக்கேன்.

— நன்னாருக்கு! மூச்சைப் பார்க்கறதுக்கா போலீஸ் துரை உங்களை அந்த பெஹாலாத் தோட்டத்துக்கு அனுப்பினார்? தியானம் பழகறாப்பல நடிச்சு, அந்த வங்காளிப் பசங்க குண்டு பண்றாளான்னு வேவு பார்த்துண்டு வாங்கோன்னா அனுப்பினார்!

— நடிக்கத்தான் போனேன். முதல் மாசம் பூரா அரைக்கண்ணைத் திறந்துண்டு, யார் வரா, யார் போறான்னு கணக்கு வெச்சேன். வாசல்ல கிடக்கற செருப்பைக்கூட எண்ணினேன்.

— அப்புறம் என்ன வந்தது உங்களுக்கு?

— ஒருநாள் கண்ணு நிஜமாவே மூடிடுத்து. அங்கே இருக்கற பெரியவர் சொல்லுவார், மனசுல எது வந்தாலும் விரட்டாதே, பிடிச்சும் வெச்சுக்காதே, சும்மா பாருன்னு. பார்த்தேன்.

— சுவாமி தெரிஞ்சாரா?

— நான்தான் தெரிஞ்சேன்.

— புரியறாப்பல பேசுங்கோளேன்.

— சின்ன வயசுலேர்ந்து பயந்துண்டே இருந்திருக்கேன், ஜலஜா. அப்பாகிட்ட பயம், வாத்தியார்கிட்ட பயம், இப்போ துரைகிட்ட. அந்தப் பயத்துக்குத்தான் விசுவாசம்னு பேர் வெச்சிண்டிருந்தேன்.

— வங்காளத்தை ரெண்டாக் கூறு போட்டதுலேர்ந்து இந்த ஊர்ல யார்தான் பயப்படலை?

— நான் பயந்ததுக்குப் பதினொரு பேர் தூக்குல தொங்கணுமா? அத்தனை பேர் பேரையும் எழுதிக் குடுத்துட்டேனே!

— அவா குண்டு பண்றது நிஜம்தானே?

— நிஜம்தான். பின்கட்டு ரூம்ல தராசும் திராவக ஜாடியும் பார்த்தேன். அது சரின்னு நான் சொல்லலை. ஆனா என்னை நம்பிப் பக்கத்துல உக்காத்தி வெச்சவா அவா.

— இன்னிக்குக் காலம்பற எங்கே போனேள்?

— அங்கேதான். நான் யாருன்னு சொல்லிட்டேன். நாளைக்கு போலீஸ் வந்து சுத்தி வளைக்கப் போறதுன்னும் சொல்லிட்டேன்.

— ஐயோ! உங்களைக் கொன்னு போட்டிருந்தா?

— ஒருத்தன் ரிவால்வரை எடுத்துட்டான். பெரியவர் அவனை உக்காரச் சொன்னார். என்னையும் சொன்னார். எல்லாருமா அரைமணி கண்ணை மூடிண்டு இருந்தோம். அவன் மூச்சு என் பிடரியில பட்டுண்டே இருந்தது. அடுத்த மூச்சு எனக்கு உண்டா இல்லையான்னு தெரியலை. ஆனா பயமே இல்லை, ஜலஜா. பிறந்ததுலேர்ந்து முதல் தடவையா.

— எனக்கு இருக்கே! உங்களைப் பிடிச்சு அந்தமானுக்கு அனுப்பிட்டா, தெரியாத ஊர்ல நான் யார் வாசல்ல போய் நிப்பேன்?

— ஏன் அடிக்கடி உள் கதவையே திரும்பிப் பார்க்கறே?

— அதை விடுங்கோ. அவாள்லாம் இப்போ எங்கே?

— கிளம்பிட்டா.

— எங்கே கிளம்பிட்டா?

— உனக்கெதுக்கு அது?

— பத்து வருஷமா இந்த பவானிபூர்ல உங்களோட குப்பை கொட்டிண்டிருக்கேன். எங்கிட்டயே மறைச்சா அது என்ன தியானம்?

— சரிதான். உங்கிட்டயும் வேஷம் போட வேண்டாம். டயமண்ட் ஹார்பர். விளக்கு வைக்கற நேரத்துக்குப் படகு.

— வாய்க்குள்ளயே முணுமுணுத்தா எப்படி? உரக்கச் சொல்லுங்கோ.

— டயமண்ட் ஹார்பர் படகுத்துறை. பாழடைஞ்ச உப்புக் கிடங்குக்குப் பின்னால. ஏன் அழறே, ஜலஜா?

— என்னை மன்னிச்சுடுங்கோன்னா... சீதாராமன் மாமா, உள்ளேர்ந்து வாங்கோ. கேட்டேளோல்லியோ? அவர் வாயாலயே சொல்லிட்டார். இவரை மட்டும் விட்டுடறேன்னு துரை வாக்குக் குடுத்திருக்கார், அதை அவர் மறந்துடாம நீங்கதான் பார்த்துக்கணும்!