தறி ஓட வேண்டிக்கிட்டது

வெள்ளத்தாய்: பையைக் குடுங்கன்னா...

தங்கச்சாமி: விடுட்டி, பட்டு கசங்குது...

வெள்ளத்தாய்: கசங்கட்டும்! இதை ஆண்டாளுக்குச் சாத்த நான் விட மாட்டேன். என்னைய மீறி நீங்க...

தங்கச்சாமி: மெதுவாப் பேசு. பஸ்ஸுல அம்புட்டுப் பேரும் நம்மளத்தான் பாக்குதாவ.

கண்டக்டர்: டிக்கெட், டிக்கெட்! ஐயா எங்க போகணும்?

தங்கச்சாமி: ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டு குடுங்க தம்பி.

வெள்ளத்தாய்: ஒண்ணு போதும்ப்பா. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கி ராஜபாளையத்துக்கே திரும்புதேன்.

கண்டக்டர்: உங்களுக்கு ஃப்ரீ டிக்கெட்டும்மா. எங்க வேணா எறங்குங்க, எங்க வேணா ஏறுங்க. சண்டையை மட்டும் படிக்கட்டுல நின்னு போடாதீங்க. உள்ள தள்ளி உக்காந்து போடுங்க.

தங்கச்சாமி: பாத்தியா, சின்னப்பய சிரிக்கான். உக்காரு.

வெள்ளத்தாய்: சிரிக்கத்தான் செய்வான். பெத்த மகன் என்ன ஆனான்னு நாலு நாளாத் தெரியல. அவன் வேலை பாக்குற துறைமுகத்துல குண்டு விழுந்து எரியுதுன்னு டிவியில காட்டுதான். இவிய பட்டு எடுத்துக்கிட்டுச் சாமிக்கு நன்றி சொல்லப் போறாவ!

தங்கச்சாமி: குண்டு விழுந்ததுக்கா நன்றி சொல்லப் போறேன்? ஆறு மாசமா நின்ன தறி ஓடுது. ஓடுனா பட்டு சாத்துதேன்னு நேர்ந்தேன். ஓடிருச்சு, சாத்துதேன்.

வெள்ளத்தாய்: எதனால ஓடுது?

தங்கச்சாமி: ஆர்டர் வந்துச்சு, ஓடுது.

வெள்ளத்தாய்: நாம நெய்யிறது பேண்டேஜ் துணி. அதுக்கு எதுக்கு ஆர்டர் வரும்? கல்யாண வீட்டுல இருந்தா வரும்? ஏஜெண்டு மொக்கைச்சாமி வந்து, ‘எம்புட்டு நெய்தாலும் எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி, சண்டை நடக்குற நாட்டுல ஆஸ்பத்திரியில கட்டுப்போடத் துணி இல்லையாம்’னான். நீங்க சிரிச்சீங்க. நான் பாத்தேன்.

தங்கச்சாமி: அப்ப துறைமுகத்துல குண்டு விழலையேட்டி. நம்ம விமலு இருக்கது அதுக்குப் பக்கத்து நாடு. சண்டைக்கும் அந்த நாட்டுக்கும் சம்பந்தமே இல்லன்னுதான...

வெள்ளத்தாய்: அப்போ அடுத்தவன் பிள்ளைன்னா சிரிக்கலாமாக்கும்?

தங்கச்சாமி: அப்படிச் சொல்லலட்டி... வாயில வார்த்தையைத் திணிக்காத.

வெள்ளத்தாய்: என்ன சம்பந்தமில்லாத நாடு? படையெடுத்து வந்தவன் கப்பலைக் கொண்டாந்து அங்கதான நிப்பாட்டுனான். அடி வாங்குனவன் அந்தக் கப்பலைப் பாத்துத் திருப்பி அடிச்சான். கிரேனுக்கு ஒயர் மாட்டுற எம்பிள்ளை நடுவுல மாட்டிக்கிட்டான்.

தங்கச்சாமி: அந்தச் சனத்தைக் காப்பாத்தத்தான் வந்தோம்னு சொல்லுதான். அந்த நாட்டை ஆளுறவன் கெட்டவனாம்.

வெள்ளத்தாய்: கெட்டவனாவே இருக்கட்டும். காப்பாத்த வந்தவன் எதுக்குக் கரண்டு ஆபீஸுல குண்டு போட்டான்? தண்ணித் தொட்டியில எதுக்குப் போட்டான்? அடுத்த வீட்டுச் சண்டையை வெலக்கப் போறேன்னு போயி, கூரையில தீயை வச்சுட்டு நிக்கான். மூணு நாள்ல முடிச்சுருவேன்னான். மூணு வாரம் ஆச்சு.

தங்கச்சாமி: அதை எங்கிட்டச் சொல்லி? நானா படை அனுப்புனேன்?

வெள்ளத்தாய்: நீங்க அனுப்பல. நீங்க பட்டு சாத்தப் போறீங்க. ‘சண்டை வந்தது நல்லதாப் போச்சு தாயி’ன்னு கும்பிட்டு நிக்கப் போறீங்க. அதைக் கேட்டுட்டு எம்மகனை அவ எப்படித் திருப்பித் தருவா?

தங்கச்சாமி: நேர்ந்ததைச் செய்யாம விட்டா மட்டும் தருவாளா? சாமி குத்தம் ஆயிருமேட்டி! இந்த நேரத்துலயா குத்தத்தை வாங்கி வைக்க? எனக்கு ராத்திரியெல்லாம் இதே நெனப்பா இருக்கு. சாத்துனாலும் பயமா இருக்கு, சாத்தாட்டியும் பயமா இருக்கு...

வெள்ளத்தாய்: இருங்க... போன் அதிருது!

தங்கச்சாமி: யாரு? அவனா? எடு, எடு!

வெள்ளத்தாய்: இல்ல, மக பாண்டிசெல்வி... ஹலோ... இல்லம்மா. உங்க அண்ணங்கிட்ட இருந்து ஒண்ணும் வரல. நீ அனுப்புன மெசேஜும் ஒத்த டிக்குலயே நிக்குதா? சரி... சரி, அழாத. வயித்துப் பிள்ளைக்காரி அழக்கூடாது. வைக்கேன்.

தங்கச்சாமி: அங்க டவரெல்லாம் விழுந்துட்டு. அதான் லைன் போகல. வேற ஒண்ணும் இருக்காது. நாலு தறியும் ஓடுற சத்தத்துல போன் வந்தாக்கூட நமக்குக் கேக்காது...

வெள்ளத்தாய்: அதுக்குத்தான மாருலயே வச்சுக்கிட்டுத் திரியுதேன். குளிக்கப் போனாலும் வாளிக்குப் பக்கத்துல வச்சுக்கிடுதேன்.

கண்டக்டர்: ஐயா, மீதிச் சில்லறை. தப்பா நெனைக்காதீங்க, காதுல விழுந்துச்சு... உங்க மகன் அந்தத் துறைமுகத்துலயா இருக்காரு?

தங்கச்சாமி: ஆமா தம்பி. கிரேன் எலெக்ட்ரீசியன். லைன் கிடைக்கல.

கண்டக்டர்: எங்க மச்சான் ஜெபக்குமாரும் அங்கதான், சமையல் வேலை. லைன் முந்தாநாளே வந்துருச்சேய்யா. நேத்து வீடியோ காலுல பேசுனாரே...

வெள்ளத்தாய்: வந்துருச்சா?

கண்டக்டர்: அது... ஒவ்வொரு பக்கமா வருது போல. வந்துரும்மா. கவலைப்படாதீங்க... ஏய், படிக்கட்டுல யாரு? உள்ள வா!

வெள்ளத்தாய்: முந்தாநாளே வந்துருச்சாம். கேட்டுச்சா உங்களுக்கு? முந்தாநாளே...

தங்கச்சாமி: கேட்டுச்சுட்டி, கேட்டுச்சு. எனக்குத் தண்ணி குடு.

வெள்ளத்தாய்: இந்தாங்க. மெதுவாக் குடிங்க.

தங்கச்சாமி: வெள்ளத்தாயி... ஒண்ணு சொல்லுதேன். இங்க வச்சுக் கத்தாத.

வெள்ளத்தாய்: என்ன? ஏதும் சேதி வந்துட்டா? எங்கிட்ட மறைக்கீங்களா? சொல்லுங்க!

தங்கச்சாமி: சேதி இல்ல. இது போன மாசக் கதை. ‘சண்டை வரும்னு இங்க எல்லாரும் பேசிக்கிடுதாவப்பா, ஊருக்கு டிக்கெட் போட்டுட்டேன், வாரேன்’னு போன் பண்ணுனான். நான்தான் தடுத்தேன். ‘தறி நாலும் நிக்குது, நீயும் வந்து எம்பக்கத்துல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கப் போறியா? சண்டையும் வராது கிண்டையும் வராது, செத்த பொறுத்து வாலே’ன்னேன். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டான். அன்னைக்குச் சாயங்காலந்தான் ஆண்டாள் முன்னால போயி நின்னேன். ‘தறி ஓடட்டும் தாயி, எம்மகனைக் கூப்பிட்டுக்கிடுதேன், ஒனக்குப் பட்டு சாத்துதேன்’னு நேர்ந்தேன். அவன் வரணும்னுதான்ட்டி தறி ஓடக் கேட்டேன். அவ இப்படி ஓட்டுவான்னு நான் கண்டனா?

வெள்ளத்தாய்: ...

தங்கச்சாமி: ஏசு. அடிக்கணும்னா அடி. பேசாம மட்டும் இருக்காதட்டி...

கண்டக்டர்: ஸ்ரீவில்லிபுத்தூர்! கோயிலுக்குப் போறவங்கள்லாம் எறங்குங்க! ஐயா, பையை விட்டுறாதீங்க.

தங்கச்சாமி: எறங்குவமா? இல்ல, இப்படியே அடுத்த பஸ்ஸுல திரும்பிருவமா? எனக்கு ஒண்ணும் ஓடல. நீ சொல்லு. போங்கன்னா போறேன், வேண்டாம்னா பட்டைக் கொண்டுபோயி கடையிலயே குடுத்துருதேன். நீ என்ன சொல்லுதியோ அதைச் செய்யுதேன்.

வெள்ளத்தாய்: எங்கிட்டக் கேக்காதீங்க... கேன்சல் பண்ணுறதுக்கு முன்னால அவனும் எங்கிட்டதான் கேட்டான். ‘அப்பா இருக்கச் சொல்லுதாவ, நீ ஒரு வார்த்தை வான்னு சொல்லும்மா, வந்துருதேன்’னான்... ‘வெளிநாட்டு மாப்பிள்ளைன்னுதான்லே சேத்தூர்க்காரவுக ஒனக்குப் பொண்ணு தாரோம்னு சொல்லியிருக்காவ, இந்த நேரத்துல வந்து நிக்காத’ன்னு சொல்லிட்டு, அவன் பதில் சொல்லுததுக்குள்ள நான்தான் போனை வச்சேன்.