ஏழாம் நம்பர் மெஷினும் அஞ்சு செகண்டும்

அந்த நாற்காலி வேணாம் மேடம், அதுக்கு ஒரு கால் குட்டை. விசாரணைக்கு வந்தவங்களக் கீழ தள்ளிட்டான்னு அதையும் என் தலையிலயே கட்டிடுவாங்க. இதுல உக்காருங்க. கொஞ்சம் சத்தமாத்தான் பேசணும், இந்த ரூம்ல ஃபேன் சத்தம் ஓயவே ஓயாது. பத்தொம்போது வருஷமா இதுக்குள்ள கத்திக் கத்திப் பேசி, வீட்டுலயும் அதே பழக்கமாப் போச்சு. உப்பு எடுத்துட்டு வான்னு கேட்டா பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துட்டு வர்றாரு.

ஆமா, இதேதான். மேலேருந்து ஏழாவது. பன்னெண்டு சர்வர் மெஷினும் தட்டையா, ஒரே அச்சுல வாத்த மாதிரி இருக்குல்ல? கிட்ட வாங்க, கடிக்காது. அமுக்குனாத்தான் வம்பு. அதுவும் நான் அமுக்குனா.

கீழ கவுண்டர்ல வரிசையில நிக்கிறாங்களே, அவங்களோட பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு எல்லாம் இந்த ஏழாம் நம்பருக்குள்ளதான் கெடக்கு. போன செவ்வாக்கிழமை பதினோரு மணிக்கு இது பொசுக்குன்னு போயிருச்சு. ரெண்டு மணி நேரம் கீழ ஒரு வேலையும் ஓடல. நிறுத்துனது இந்த விரல்தான். வலது கை ஆள்காட்டி விரல். வேணும்னா ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

ஐயையோ, உங்களக் கிண்டல் பண்ணல மேடம். என்னையத்தான் பண்ணிக்கிறேன். ஆபீஸே பண்ணுது, நான் மட்டும் எதுக்குச் சும்மா இருக்கணும்? கேன்டீன்ல இப்ப எனக்குப் பேரே அஞ்சு செகண்டுதான். அஞ்சு செகண்டு வந்துட்டாரு, டீயப் போடுங்கறாங்க. டீ வர்றதுக்கு மட்டும் பத்து நிமிஷம் ஆவுது.

சரி, பட்டனுக்கு வர்றேன். இந்த வலது ஓரத்துல உருண்டையா, பச்சை லைட்டோட இருக்கே, இது பவர் பட்டன். பக்கத்துல குட்டியா, இங்கிலீஷ் ஐ எழுத்து போட்டது, இது அடையாளத்துக்கு. இத அமுக்குனா முன்னாடியும் பின்னாடியும் நீல லைட்டு மின்னும். எதுக்குன்னா, பின்பக்கம் சுத்திப் போனா பன்னெண்டும் வயரும் வாலுமா ஒரே மூஞ்சியா இருக்கும், எது ஏழுன்னு தெரியாது. கூட்டத்துல நம்ம ஆளத் தேடுறப்ப அவங்க கைய ஆட்டுவாங்கல்ல, அது மாதிரி. என் பொண்டாட்டி ஆட்ட மாட்டா. நான் முழிக்கிறத நின்னு வேடிக்கை பாப்பா.

இந்தச் சின்ன ஸ்கிரீன்ல ரெண்டு வரி ஓடும். எல்லாம் நல்லா இருந்தா நீலம். கோளாறுன்னா ஆரஞ்சாகி, என்ன கோளாறுன்னு எழுத்துல காட்டும். அந்த அம்புக்குறிய அமுக்குனா அடுத்த வரி வரும். அதுக்குக் கீழ ஊசி ஓட்டை மாதிரி ஒண்ணு தெரியுதா? அத பேனா முனையாலதான் குத்த முடியும், ஆனா தொடவே கூடாது. பத்தொம்போது வருஷத்துல நான் அத ஒரு தடவகூடத் தொட்டதில்ல. சொல்லிக்கிற மாதிரி எனக்கு இருக்குற ஒரே சாதனை அதான்.

பவர் பட்டன லேசாத் தொட்டு விட்டா, மெஷின் திறந்து கெடக்குறத எல்லாம் ஒழுங்கா மூடி வச்சுட்டு, மெதுவாத் தானா அணையும். விடாம அமுக்கிப் பிடிச்சா, நாலஞ்சு செகண்டுல கழுத்த நெரிச்ச மாதிரி செத்துரும். பாதியில நின்ன பதிவெல்லாம் பாதியிலயே நிக்கும்.

தெரியுமாவா? நல்லாத் தெரியும் மேடம், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆமா, ஹெட் ஆபீஸ் ரிப்போர்ட்ட நானும் படிச்சேன். இவருக்கு முன்பக்க பட்டனே தெரியல, ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்துலேருந்து சொல்லித்தர வேண்டியிருக்குன்னு போட்டிருக்காங்க. ஏழு மாசத்துல இருவத்தி மூணு போன், ரெண்டு நிமிஷ வேலைக்கு ஒவ்வொண்ணும் அரை மணி நேரம். அத உக்காந்து எண்ணுனாரே அந்த மேனேஜர், அவருக்கு என்ன பொறுமை!

எப்படின்னா மேடம், முன்னூறு கிலோமீட்டர் தள்ளி ஹெட் ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கு. நம்ம கிளை மெஷின் எல்லாத்தையும் அங்கேருந்தே கம்ப்யூட்டர்ல பாத்துக்கும். ஏழு மாசமா இது அதோட பொறுப்பு. யாராவது கைய வச்சே ஆகணும்னா இந்தச் சுவத்து போனுக்குக் கூப்பிடும். மூளை அங்க, கை இங்க. ஆன்சைட் சாரா பேசுறதுன்னு கேக்கும். மெஷின் பக்கத்துல இருக்குற ஆளு, அதாவது நான். ஆமாம்மா, சொல்லும்மான்னுவேன். அந்த ஐ பட்டன அமுக்குங்க சார்னா, இரும்மா, கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்னு போவேன். கண்ணாடி மூக்கு மேலயே இருக்கும். ஸ்கிரீன்ல என்ன வருதுன்னா எழுத்து எழுத்தாப் படிப்பேன், நடுவுல ஒரு எழுத்த விட்டுட்டு மறுபடி மொதல்லேருந்து. அதுவும் பொறுமையாக் கேட்டுக்கும். ஒரு நாள்கூட வள்ளுன்னு விழுந்ததில்ல. அந்த எடத்துல நான் இருந்தா போன வச்சுட்டு வேலையையும் விட்டுருப்பேன்.

செவ்வாக்கிழமை உள்ள நுழையும்போதே சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. ஸ்கிரீனப் பாத்தா ஆரஞ்சு. மூணாவது ஃபேன் நின்னுபோச்சுன்னு எழுதியிருக்கு. மெஷின ஒழுங்கா அணைச்சு, ஃபேன மாத்திப் போட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும். ஆனா ஹெட் ஆபீஸ் சொல்லாம நாம அணைக்கக் கூடாது. அதுக்குள்ள போனும் அடிச்சுருச்சு. அந்தப் பொண்ணுதான். லைன்ல ஏதோ கோளாறு, அங்கேருந்து அதால இத நிறுத்தவும் முடியல, நீல லைட்டப் போடவும் முடியல. எல்லாம் உங்க கையிலதான் சார்னு சொல்லுச்சு. மொதல்ல ஐ அமுக்கிட்டு, பின்னாடி போய் சரியான மெஷின்தானான்னு பாத்துட்டு வாங்கன்னுச்சு.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? எந்த ஐம்மா, பெரிய ஐயா, சின்ன ஐயான்னு கேட்டேன்.

சிரிக்காதீங்க மேடம். சரி, சிரிச்சுக்கோங்க. நான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன், ஸ்கிரீன்ல சூடு ஏறிக்கிட்டே இருக்கு. நாப்பத்தொண்ணு, நாப்பத்தி நாலு. ஆடி அசஞ்சு பின்பக்கம் போயி நீல லைட்டப் பாத்துட்டு வந்தா நாப்பத்தொம்போது. அப்பதான் எனக்கு உறைச்சுச்சு. கீழ அத்தன பேரு கால் கடுக்க நிக்கிறாங்க, மேல நான் விளையாடிக்கிட்டு இருக்கேன். ஓடிப்போய் பட்டன்ல விரல வச்சேன். வச்சுட்டேன்மான்னேன். லேசாத் தொட்டு விடுங்க சார், பிடிக்காதீங்க சார்னு மூணு தடவ சொல்லுச்சு. ரிப்போர்ட்டுல அது சரியாத்தான் இருக்கு. அமுக்குனேன். விடல. அவ்வளவுதான், பச்சை லைட்டு போயி, ஸ்கிரீன் கருத்து, இதோட ஃபேன் சத்தம் மட்டும் அடங்கிருச்சு.

அறுவத்தொரு பதிவு பாதியில நின்னுபோச்சு. நானே கீழ போயி, கவுண்டர்ல உக்காந்து ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுக் கேட்டுத் திரும்ப அடிச்சேன். ஒரு கைக்குழந்தைக்காரம்மா, குழந்தை பேர மூணாவது தடவையாச் சொல்றேன், நீங்க முடிக்கிறதுக்குள்ள இது ஸ்கூலுக்கே போயிரும்னு சொன்னாங்க. கல்யாணப் பதிவுக்கு வந்த ஜோடி ஒண்ணு, இப்ப நாங்க புருஷன் பொண்டாட்டியா, இல்லையான்னு கேட்டுச்சு. முக்காவாசின்னு சொன்னேன். அந்தப் பையன் சிரிச்சான். அந்தப் பொண்ணு சிரிக்கல.

அதான கேக்குறீங்க மேடம், ஏன் விடலன்னு. எல்லாத்தையும் சொல்லிட்டு அத மட்டும் சுத்திச் சுத்தி வர்றேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஹெட் ஆபீஸ் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, அத எழுதிக்கோங்க. ரொம்பக் கெட்டிக்காரி. பரீட்சை எழுதி, மொதல் ஆளா வந்து, தானா சேந்த பொண்ணு. போன வருஷம் அது சேந்தப்போ, கீழ கேன்டீன்ல ஒரு ஆளு கையில டீய வச்சுக்கிட்டு, நான் மேல ஒரு வார்த்தை சொன்னேன், உடனே எடுத்துட்டாங்கன்னு அளந்து விட்டாரு. அத்தனையும் பொய். மேல இருக்குறவங்களுக்கு அந்தாளு யாருன்னே தெரியாது. ஆனா பேச்சு முன்னூறு கிலோமீட்டர் போயிருச்சு. அங்க அந்தப் பொண்ணோட நாற்காலிக்கே சிபாரிசு சீட்டுன்னு பேரு வச்சுட்டாங்களாம். ராத்திரி பகலாப் படிச்ச புள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்?

அளந்து விட்டது நான்தான். அது என் பொண்ணு மேடம்.

அன்னையிலேருந்து என்கிட்ட பேச்சு கிடையாது. பதினாலு மாசம். அவங்க அம்மாகிட்ட தெனமும் பேசுவா, நான் உள்ள வர்ற சத்தம் கேட்டா அப்புறம் கூப்பிடறேம்மான்னு வச்சுருவா. ஆனா மெஷினுக்கு ஏதாவதுன்னா இந்த போனுக்குக் கூப்பிட்டுத்தான ஆகணும்? ரெண்டு நிமிஷத்துல வேலைய முடிச்சா, நன்றி சார்னு ரெண்டு நிமிஷத்துல வச்சுருவா. அதான் கண்ணாடியத் தேடுவேன். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கண்ணாடி இல்லன்னா நான் போனையே கண்டுபிடிக்க மாட்டேன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் மொதல்லேருந்து சொல்லித்தருவா.

செவ்வாக்கிழமை மூணு தடவ சார் சார்னு சொன்னவ, நான் பட்டன அமுக்குன நேரம் பாத்து, அப்பா, தொட்டுட்டு விட்டுருங்கப்பான்னுட்டா. பதட்டத்துல வந்துருச்சு. எனக்கு விரல் எங்க இருக்குன்னே தெரியல மேடம்.

சாயந்தரம் வீட்டுக்குப் போனா பொண்டாட்டி போன நீட்டுறா. காதுல வச்சதும், ஏம்ப்பா பிடிச்சீங்கன்னு உங்கள மாதிரியேதான் கேட்டா. கை வழுக்கிருச்சும்மான்னேன். அது எப்படி வழுக்கும்னு ஆரம்பிச்சு நாப்பது நிமிஷம் திட்டுனா. மெஷினுக்குக் கொஞ்சம், கேன்டீனுக்கு மிச்சம். நல்லாத் திட்டுவா. மறுநாளே கேன்டீன்ல எல்லாரும் இருக்குறப்ப எந்திரிச்சு நின்னு, அன்னைக்கு நான் சொன்னது பொய்னு சொன்னேன். ஒருத்தரும் ஆச்சரியப்படல, அதுதான் கொஞ்சம் வருத்தம்.

பயிற்சிக்கு அனுப்பணும்னா அனுப்புங்க, இந்த ரூம விட்டு மாத்தணும்னாலும் மாத்துங்க. கீழ அத்தன பேர நிக்க வச்சதுக்கு அது நியாயம்தான். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல மட்டும் கை வழுக்கிருச்சுன்னே எழுதிக்கோங்க. அந்தப் பேப்பர் அவ டேபிளுக்கும் போகும். அப்பான்னு கூப்பிட்டதாலதான் மெஷின் போச்சுன்னு தெரிஞ்சா, மறுபடி சார்னு ஆரம்பிச்சுருவா.