டிஸ்க் முழுக்கப் பூஜ்யம்

பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடாமல் ஓட்ட, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் நல்ல வழி. அக்காவுடையது எட்டு வருடப் பழசு. லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று நான்தான் சொன்னேன். அப்படியே வீடியோக்களுக்கும் இன்னொரு நகல் எடுத்துவிடலாம், ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவா என்றேன்.

அவள் மகள் பிறந்ததிலிருந்து ஐந்து வயதில் காய்ச்சலில் போனதுவரை எல்லாம் அந்த டிஸ்க்கில்தான். வேறு எங்கும் கிடையாது. மூன்று வருடமாக அவள் தினமும் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவர்களோடு ஒருத்தி எத்தனை நாள் குடித்தனம் நடத்துவாள்?

லினக்ஸை முதலில் பென்டிரைவில் எழுத வேண்டும். அக்காவின் டிஸ்க்குக்கு பி என்றும் பென்டிரைவுக்கு சி என்றும் என் கணினி எழுத்துக் கொடுத்திருந்தது. எழுத்து மாறினால் அது ஒரு வார்த்தை கேட்காது. இருப்பதன் மேலேயே எழுதிவிடும். கைதேர்ந்தவர்களே மாட்டியிருக்கிறார்கள். நான் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு பி என்று அடித்தேன். எண்டரை அவளை அழுத்தச் சொன்னேன்.

"நான் எதையாவது கெடுத்துடப் போறேன்டா."

"ஒரு பட்டனுக்கா இந்தப் பயம்? அழுத்துக்கா."

சிரித்துக்கொண்டே அழுத்தினாள்.

டிஸ்க்கில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், நான் எழுத்தைப் பார்ப்பதற்குள் அவள் அவசரப்பட்டுவிட்டதாகச் சொன்னேன். நம்பினாள். அழக்கூட இல்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லினக்ஸ் அழித்தது முதல் ஐந்து ஜிபியை மட்டும்தான். மீதி வீடியோக்கள் உள்ளே அப்படியே கிடந்தன. பொறுமையாகத் தோண்டினால் பெரும்பாலும் கிடைத்திருக்கும். மீட்டுத் தருகிறேன் என்று டிஸ்க்கை என் அறைக்கு எடுத்துப்போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். இனி யார் தோண்டினாலும் கிடைக்காதபடி ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பூஜ்யமாக எழுதவிட்டேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாவது வருதாடா?"

"வந்துக்கிட்டிருக்குக்கா. பாதி தாண்டிடுச்சு."

முடிந்ததும் வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினேன். நாற்காலியிலிருந்து எழுந்தாள். பிறகு என் தலையைத் தடவி, "என் தப்புக்கு நீ எவ்வளவு கஷ்டப்பட்டுட்டே" என்றாள்.

குழந்தை போனதிலிருந்து அவள் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான். அதற்காக நான் இதைச் செய்யவில்லை.