மாப்பிள்ளைக் கூண்டு

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதலில் கழிப்பறையைத்தான் காட்ட வேண்டும், இன்ஸ்பெக்டர். கூச்சத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் வேதியியல் துறைக்கு வந்த ஆசிரியர்களையெல்லாம் நான்தான் பழக்கினேன். துறைத்தலைவர் அந்தப் பொறுப்பை எனக்கென்றே ஒதுக்கியிருந்தார்.

அந்தப் பெண்ணுக்கும் எல்லாம் காட்டினேன். எந்த வகுப்பறையில் பின்வரிசைக்குக் குரல் எட்டாது, எந்தக் கிளார்க்கிடம் காலையில் வாய் கொடுக்கக் கூடாது என்பது வரை. எதைச் சொன்னாலும் சிரித்தாள். மாணவர்கள் அவளைச் 'சின்ன மேடம்' என்றார்கள். நான் 'பெரிய சார்'. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிறகு, சந்தேகம் கேட்க என் அறை வாசலில் நிற்கும் கூட்டம் அவள் வாசலுக்கு நகர்ந்தது. புதுமோகம், வடிந்துவிடும் என்று இருந்தேன். அவள் வகுப்பில் சிரிப்புச் சத்தம் எழுந்தால் என் கதவைச் சாத்திக்கொள்வேன். அவ்வளவுதான்.

என் மகள் எங்கள் துறையில்தான் கடைசி ஆண்டு படிக்கிறாள். ப்ராஜெக்டுக்கு வழிகாட்டியாகச் சின்ன மேடத்தைத் தேர்ந்தெடுத்தாள். சாப்பிடும்போது காரணம் கேட்டேன்.

"நீங்க சொல்லித் தந்தா பயம் வருதுப்பா. அவங்க சொன்னா புரியுது."

"உள்ளதைச் சொன்னா உங்க மூஞ்சி ஏன் சுருங்குது?" என்றாள் என் மனைவி. நான் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆசிரியர்களுக்கான ஆய்வகத்தில், நச்சுவாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டுகள் இரண்டு உண்டு. ஜன்னலோரக் கூண்டில் விசிறி ஓடும், காற்றை இழுக்காது. சத்தம் பெரிசு, வேலை கிடையாது என்பதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். சரிசெய்ய ஆள் வருவார், வருவார் என்றே எங்களுக்குப் பழகிவிட்டது. எச்சரிக்கைப் பலகைகூட இல்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிய சார் வாயால் சொல்லிவிடுவார், அதுதான் வழக்கம். அதனால் வேறு யாரும் அவளிடம் சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தார்கள்.

"ஜன்னலோரம் காலியா இருக்கே, நான் எடுத்துக்கட்டுமா சார்?" என்று அவளாகத்தான் கேட்டாள்.

"தாராளமா எடுத்துக்கோங்கம்மா" என்றேன்.

இதில் பொய் எதுவும் இல்லை, கவனியுங்கள். கல்லூரியின் விசாரணைக் குழுவும் மறதி என்றுதான் முடித்தது. அவள் அந்தக் கூண்டில் நச்சுவாயு வரும் சோதனையைச் செய்த சனிக்கிழமை, ஆய்வக உதவியாளர் இருந்திருந்தால் தடுத்திருப்பார். விடைத்தாள் கட்டுகளை எடுத்துவர நான்தான் அவரை வெளியே அனுப்பினேன். அதுவும் கல்லூரி வேலைதானே. விசிறிச் சத்தம் வராந்தா வரை கேட்டது. அவளுக்கு அது தைரியமாக இருந்திருக்கும். மதியம் காவலாளி கதவைத் திறந்தபோதும் விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் மேஜையடியில் கிடந்தாள்.

இரங்கல் கூட்டத்தில் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். பிள்ளைகள் தேம்பி அழுதார்கள். மறுவாரமே என் அறை வாசலில் பழையபடி கூட்டம்.

மகள் மட்டும் வரவில்லை. உங்களிடம் வந்திருக்கிறாள். என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். வீட்டில் என்னிடமே கேட்டாள்.

"அன்னைக்கு நானும் அவங்களோட லேப்ல இருக்க வேண்டியவ. என்னை மட்டும் ஏன்பா பிடிவாதமா பெரியம்மா வீட்டுக்கு அனுப்புனீங்க?"

பெற்ற அப்பன் வேறென்ன செய்வான், நீங்களே சொல்லுங்கள்.