நாகநாதன் டாக்டர் நம்பாத பதில்

இங்கே கூடியிருக்கும் பெரியவர்களுக்கும், மேடையில் இருக்கும் சர்ஜன் வசந்தகுமார் ஐயாவுக்கும், புதிதாக வந்திருக்கும் மயக்க மருத்துவர் பிரபாகரன் ஐயாவுக்கும் என் வணக்கம், சலாம். நான் மாரிச்செல்வி. ஆபரேஷன் தியேட்டரில் தரை துடைப்பவள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கூட்டத்தில் பேச வராது. எழுதி வைத்து வாசிக்கிறேன்.

நம் மயக்க மருத்துவர் நாகநாதன் ஐயா இறந்து இன்று பதினாறாம் நாள். அவர் அன்பானவர், பொறுமையானவர் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். நான் பார்த்த நாகநாதன் ஐயா வேறு. அவர் யாரையும் நம்பாதவர்! நோயாளியை நம்பமாட்டார். கூட வந்தவரை நம்பமாட்டார். கேஸ் ஷீட்டையும் நம்பமாட்டார்.

ஏன் நம்பவில்லை? மயக்க மருந்து ஏறும் முதல் சில நிமிடங்களில் பிரஷர் இறங்கும். உடம்பில் நீர் வற்றியவருக்கும், சில பிரஷர் மாத்திரைகளைக் காலையில் போட்டுவிட்டு வந்தவருக்கும் மளமளவென்று சரியும். மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாது. தரை துடைக்கும் எனக்கு இதை ஏன் சொன்னார்? டாக்டரிடம் மறைப்பதை நோயாளிகள் என்னிடம் சொல்வார்கள் என்ற சந்தேகம்தான்!

புதுமடம் ஊரைச் சேர்ந்த ஜுனைதா அம்மா அதோ முன்வரிசையில் இருக்கிறார். பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்தவர். அன்று தியேட்டரின் முன்னறையில் நடந்ததைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

"காலையில பிரஷர் மாத்திரை போட்டீங்களாம்மா?"

"இல்ல டாக்டரு. நீங்க சொன்னபடிதான் இருந்தேன்."

"நேத்து நல்லா தண்ணி குடிச்சீங்களா?"

மருமகள் ஜுவைரியா முந்திக்கொண்டார். "மாமி எல்லாம் சரியா இருந்தாக டாக்டர்."

நாகநாதன் ஐயா நாக்கை நீட்டச் சொன்னார். காய்ந்திருந்தது. இரண்டு காலையும் தூக்கிப் பிடிக்கச் சொல்லி பிரஷர் பார்த்தார். காலில் இருந்த ரத்தம் இதயத்துக்கு வந்ததும் ஏறியது. காலை இறக்கினார். இறங்கியது.

"உடம்புல தண்ணி இல்ல. நீங்க எதையோ மறைக்கிறீங்க."

வசந்தகுமார் ஐயா ஆபரேஷனுக்குத் தயாராகி வந்து காத்திருந்தார். "சார், நீங்க போலீசுக்குப் போயிருக்கலாம்" என்றார்.

"போலீசு தப்பு செஞ்சவனப் பிடிக்கும். நான் நல்லவங்களைப் பிடிக்க வேண்டியிருக்கே!"

ஐயா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். நான் போர்வையைச் சரிசெய்தேன். ஜுனைதா அம்மா என் கையைப் பிடித்தார்.

"ஆபரேஷன் நல்லா முடியணும்னு நேத்து பகல் பூரா தண்ணி படாம நேர்ச்சை நோன்பு வச்சேன், புள்ள. நேர்ச்சைய வெளிய சொல்லலாமா? நோன்பு திறக்கையில ஒரு பேரீச்சம்பழம், ரெண்டு வாய்க் கஞ்சி. பயத்துல எறங்கல. காலையில பிரஷர் கூடிப்போச்சுன்னா திருப்பி அனுப்பிருவீகளேன்னு மாத்திரைய ரெண்டாப் போட்டுக்கிட்டேன்."

இப்போது சொல்லுங்கள், இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது? ஆனால் அந்த நல்ல எண்ணமே அவர் உயிரைக் கொண்டுபோயிருக்குமே! நான் போய் ஐயாவிடம் சொன்னேன். ஐயா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளினார். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார். மறுநாள் பிரஷரைத் தூக்கும் மருந்தை ஊசியில் எடுத்து வைத்துக்கொண்டு, மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக, பிரஷர் காட்டும் மானிட்டரை விட்டுக் கண் எடுக்காமல் செலுத்தினார். ஜுனைதா அம்மா இன்று அவருக்காக அழுதுகொண்டிருக்கிறார்.

இனி யார் சந்தேகப்படுவார்கள்?

மயக்கம் கொடுக்கும்போது ஐயா ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் அளக்க வைப்பார். போன வியாழக்கிழமை பிரஷர் மெஷின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று காட்டியது. யார் மாற்றியது? எனக்குத் தெரியாது. சுகந்தி சிஸ்டரிடம் காட்டினேன், திருப்பி வைத்தார். பிரபாகரன் ஐயா, உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சந்தேகம் மட்டும்தான். தினமும் பார்ப்பேன்.

நாகநாதன் ஐயாவின் வேலையை நான் செய்ய முடியாது. அவர் கேள்வியைக் கேட்க முடியும். இந்தக் கூட்டத்தின் முன் வாக்குக் கொடுக்கிறேன்: அந்தக் கேள்வி கேட்கப்படாமல் எவரும் அந்த மேசையில் ஏறமாட்டார்கள்.

கடைசி வரிசையில் இருக்கும் சின்னக்கருப்பன் அய்யா, நாளைக்கு நடக்கும் முதல் ஆபரேஷன் உங்களுக்குத்தான். மாத்திரை போடவில்லை, தண்ணீர் குடித்தேன் என்று காலையில் சொல்வீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அய்யா. நான் நம்பமாட்டேன்.